மீனம்மாவின் வாளிப் பாட்டு

மீனம்மாவுக்குப் பாட்டு வருவது குனிந்து நிற்கும்போதுதான். நிமிர்ந்து நின்றால் வராது என்று அவரே சொல்வார். கச்சான் என்கிற நிலக்கடலைச் செடியைக் கொத்தாகப் பிடித்து, ஒரு உலுப்பு உலுப்பி, மண்ணை உதறிப் பக்கத்தில் போடுகிற அந்த அசைவில் முதல் வரி வரும். பக்கத்து வரிசையில் நிற்கிற வடிவம்மா அதைக் கேட்டுச் சிரித்தால் இரண்டாவது வரி வரும். வடிவம்மா சிரிக்காவிட்டால் அந்தப் பாட்டு அவ்வளவுதான். செடியோடு செடியாக அது காயட்டும் என்று மீனம்மா அடுத்த செடிக்குப் போய்விடுவார்.

வன்னியில் நெடுங்கேணிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது தெரியும். மீனம்மாவின் ஆட்கள் என்றால் ஏழெட்டுப் பெண்கள், எல்லாரும் ஒரே ஒழுங்கையில், ஒரே குறுந்தெருவில் குடியிருப்பவர்கள். அவர்களைக் கூப்பிட்டால் வேலை கெதியில் முடியும். பின்னேர வெயிலிலும் யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். பாட்டின் அடுத்த வரி என்ன என்று அறிகிற ஆசையில் கை தானாக ஓடும்.

மீனம்மாவுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. தாயும் தகப்பனும் மஸ்கெலியாப் பக்கத்து மலைத்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். தமிழர்களை அடித்து விரட்டிய எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்து வீட்டை விட்டு, சின்னப் பிள்ளையான மீனம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். அதன்பிறகு அவர் எத்தனை முறை இடம்பெயர்ந்து, எத்தனை முறை அதே ஒழுங்கைக்குத் திரும்பி வந்தார் என்பது தனிக்கதை. கணவர் மன்னார்ப் பக்கத்தில் வீதி வேலை; மாதத்தில் ஒருமுறை வருவார். பெண்பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். வீட்டில் இருக்கும்போது மீனம்மா "ஆமா", "வாங்க" என்பார். கடைக்கும் தோட்டத்துக்கும் போனால் "ஓம்", "வாங்கோ" என்பார். பாட்டு மட்டும் எங்கே வந்தாலும் வீட்டுத் தமிழில்தான் வரும்.

மிச்சக் காசு தராத பஸ் கொண்டக்டருக்கு ஒரு பாட்டு. வாழையைத் தின்று, கோபத்தில் மலசலகூடத்தையும் இடித்துவிட்டுப் போன யானைக்கு ஒரு பாட்டு. கலியாண வீடுகளில் மாப்பிள்ளையைக் கேலிசெய்ய ஒரு பாட்டு. இவற்றையெல்லாம் பாட்டு என்று அவர் நினைத்ததே இல்லை. பாட்டென்றால் ரேடியோவில் போவது. இது சும்மா வாய்க் கொழுப்பு.

அந்த வாய்க் கொழுப்பு ஒருமுறை மட்டும் ஊரைத் தாண்டிப் போயிற்று.

அந்தப் பகுதியில் ராஜரத்தினம் பெரிய தோட்டக்காரர். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்டிக் காணி திருத்த வந்த குடும்பம். உழைப்பாளி. கூலியை அன்றன்றே கையில் கொடுப்பவர். ஆனால், ஒரு பொருள் களவு போனால் அவருக்கு நித்திரை வராது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், அவருடைய தோட்டக் கிணற்றடி வாளி அடுத்தடுத்து இரண்டு முறை களவு போயிற்று. மூன்றாவதாக ஒரு வாளி வாங்கினார். அதைக் கயிறோடு சேர்த்து, தண்ணீர் இறைக்கும் மெஷின் வைக்கிற கொட்டிலுக்குள் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கச்சான் பிடுங்க ஆட்கள் வந்த அன்று, ஏதோ அலுவலாக அந்தச் சாவியோடு வவுனியாவுக்குப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் பெண்கள் கொண்டுவந்த தண்ணீர் முடிந்துவிட்டது. கிணற்றில் எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர். அள்ளத்தான் வழியில்லை.

"ஏன் புள்ள மீனா, சேலைய உள்ள வுட்டு நனைச்சுப் புழிஞ்சு குடிப்பமா?" என்று வடிவம்மா கேட்டார்.

கிணற்றுக் கட்டில் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்த மீனம்மாவுக்கு அப்போது வந்ததுதான் அந்தப் பாட்டு.

கிணறு நெறையத் தண்ணி இருக்கு
கிட்டப் போனா நெஞ்சு குளிருது
வாளி மட்டும் மறியலிலே – எங்க
வாய்க்கு யாரு பிணையெடுப்பா?

பூட்டுப் போட்டது பெட்டிக்கில்ல
பொன்னுக்கில்ல பொருளுக்கில்ல
ஓட்டை வாளி ஒண்ணுக்குத்தான் – அதுக்கு
ஒம்பது சாவி தொங்குதடி

வடிவம்மா சிரித்தார். தொண்டை வறண்டிருந்த மற்றப் பெண்களும் சிரித்தார்கள். அன்று பின்னேரம் வரை அதையே பாடிக்கொண்டு வேலை செய்தார்கள். அடுத்த சந்தை நாளில் மரக்கறிக்காரி பாடினாள். அதற்கடுத்த கிழமை பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள். மறியலில், அதாவது சிறையில், கிடந்த வாளிக்கு மறுநாளே விடுதலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கிணற்றில் வாளி தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் வேறு இரண்டு ராஜரத்தினங்களும் இருந்ததால், இவருக்கு 'வாளி ராஜரத்தினம்' என்ற பெயர் வசதியாக ஒட்டிக்கொண்டது.

அவர் சண்டைக்கு வரவில்லை. அடுத்த போகத்துக்கு வேறு ஆட்களைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். வழியில் மீனம்மாவைக் கண்டால் மோட்டார் சைக்கிளின் முன் சில்லைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். மீனம்மாவும் இறங்கிப் போகவில்லை.

"நான் என்ன பொய்யா பாடினேன்? பூட்டுனது பூட்டுனதுதானே" என்பார்.

வருடங்கள் இப்படியே போயின. பிறகு வடிவம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் என்கிற நோய் புதிய செய்தி அல்ல. ஒழுங்கைக்கு ஒருவர் என்று சொல்லலாம். மருந்தோடு ஓடியது ஒரு காலம். பிறகு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். கிழமையில் இரண்டு நாள், விடியற்காலை பஸ். சன நெரிசலில் வழியிலுள்ள புளியங்குளம் வரை நின்றுகொண்டே போக வேண்டும். வரும்போது நிற்கவும் சீவன் இருக்காது.

ஆஸ்பத்திரியில் வடிவம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் கமலாசனிக்குக் கிடைத்தது. கமலாசனி ராஜரத்தினத்தின் மனைவி; அவருக்கும் அதே வருத்தம். ஊரில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியதோடு சரி, கதைத்ததில்லை. மெஷினோடு மணிக்கணக்காக அசையாமல் கிடந்தால் எவ்வளவு நேரத்துக்குத்தான் கதைக்காமல் இருப்பது? ஒருநாள் கமலாசனி மெதுவாகக் கேட்டார்.

"வடிவம்மா, எங்கட மனுசன்ர பேரில ஒரு பாட்டு இருக்காமே. எனக்கு முன்னால ஒருத்தரும் பாடுறேல்லை. நான் ஒருநாளும் முழுசாக் கேட்டதில்லை."

வடிவம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் பாடிக் காட்டினார். ஒன்பது சாவி என்ற இடத்தில் கமலாசனி சிரித்த சிரிப்பில் கை அசைந்து, மெஷின் கூவத் தொடங்க, தாதி ஓடி வந்து இருவரையும் ஏசினாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதிகள்.

நோயாளர்களை ஏற்றி இறக்க ஊருக்கென்று ஒரு வான் வேண்டும் என்ற கதையைத் தொடங்கியவர் அந்தப் பகுதிக் குடும்பநல மாது நிரோஜா. ஊரார் அவரை மிஸி என்பார்கள். பிள்ளைப்பேறு பார்க்கப் போய்ப்போய் எல்லா வீட்டு வாசலும் தெரிந்தவர். அவர் ஒரு குழுவை அமைத்தார். ராஜரத்தினத்தைத் தலைவராகப் போட்டார்கள். வானுக்குப் பணம் சேர்க்க ஒரு இசைநிகழ்ச்சி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, வெளியிலிருந்து இசைக்குழு கூப்பிட்டால் சேர்வதெல்லாம் அவர்களுக்கே போய்விடும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள்.

"வெளியில ஏன் போவான்?" என்றார் நிரோஜா. "பாட்டுக் கட்டுற ஆக்கள் எங்களுக்குள்ளயே இருக்கினம். அவையள ஒரே மேடையில கதிரை போட்டு இருத்துவம். ஆளுக்கொரு பாட்டா, மாறி மாறிப் படிக்கட்டும். அந்தப் பாட்டு எப்பிடி வந்தது எண்டதையும் சொல்லட்டும்."

வட்டக்கச்சியில் பாலன் என்று ஒரு வயல்காரர், கோயில் திருவிழாவுக்கும் வயலுக்கும் பாட்டுக் கட்டுகிறவர். மாங்குளத்தில் ரஜிதன் என்று ஒருவர், போன் திருத்தும் கடை வைத்திருப்பவர், கிற்றார் வாசித்துத் தானே கட்டிய பாட்டுகளைப் பாடுகிறவர். இருவரும் ஓம் என்றார்கள். மூன்றாவது ஆளைத் தேடி நிரோஜா ஒழுங்கைக்கு வந்தார்.

"நானா?" என்றார் மீனம்மா. "மிஸி, நான் கச்சான் புடுங்குற ஆள். எனக்குப் பாட்டு எழுதத் தெரியாது."

"எழுதச் சொல்லேல்லையே. படிக்கத்தான் கேக்கிறன்."

"மேடையில குனிஞ்சு நிண்டு பாட ஏலுமோ?"

நிரோஜா சிரித்துவிட்டார். வாசல் படலையடியில் குந்தியிருந்த வடிவம்மா சிரிக்கவில்லை.

"நீ பாடாட்டி நான் பஸ்சுக்குள்ளயே ஒருநாள் செத்துக் கெடப்பேன். அப்பறம் ஒப்பாரி வைக்க வந்துறாத" என்றார்.

அதற்கு மேல் மீனம்மாவால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுங்கேணி முன்பள்ளியில் ஒத்திகை. அங்கே இருந்தவை எல்லாம் குழந்தைகளின் கதிரைகள். பாலன் ஆறடி ஆள். முழங்கால் நாடியில் முட்ட, சிவப்புக் குட்டிக் கதிரையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

வாய்க்கால் வழியே வாற தண்ணி
வரம்பைக் கேட்டு வாறதில்லை
பக்கத்து வயலும் பசியாறட்டும்
பாத்திருப்பம் விடியுமட்டும்

"இது எப்பிடி வந்தது எண்டால்," என்று கண்ணைத் திறந்தார், "முறைத் தண்ணிக்காகப் பக்கத்து வயல்காரனோட சண்டை. நான் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டன். பிறகு வீட்டை போயிருந்து எனக்கே வெக்கமாப் போச்சு. விடிய எழும்பி, அவன்ர வயலடியில நிண்டு இதைப் படிச்சன். அவன் தன்ர பக்கத்து மடையைக் கொஞ்சம் திறந்து விட்டான்."

ரஜிதன் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பாடுகிறவர். முப்பது வயது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில்.

மாங்குளம் ரெயினுக்கு மணி அடிக்குது
மச்சான்ர பெட்டி மூடாமல் கிடக்குது
ஊரைக் கொஞ்சம் உள்ளை வை எண்டன்
இடமில்லை மச்சான் எண்டு சிரிச்சான்

மீனம்மா அந்தப் பாட்டை இரண்டாம் முறை பாடச் சொல்லிக் கேட்டார். பெட்டி என்று ஒன்று இல்லாமலே பெற்றோர் மலையிலிருந்து இறங்கியது நினைவுக்கு வந்தது. தன் முறை வந்தபோது, "இதுக்குப் பிறகு நான் யானையைப் பாடினா சரியா இருக்குமோ?" என்று கேட்டார். பாடினார். பாலன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஒரு கரைச்சல் இருந்தது. மீனம்மா ஒரு பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரிப் பாடமாட்டார். முதல் முறை யானை வாழையைத் தின்னும், இரண்டாம் முறை பலாவைத் தின்னும், வரியும் நீளும். ரஜிதனின் விரல்கள் கிற்றாரில் தடுமாறின.

"அக்கா, முதல் படிச்ச மாதிரியே படியுங்கோ."

"முதல்ல எப்படிப் படிச்சேன்?"

"அவவை விடும் தம்பி," என்றார் பாலன். "அவ போற பக்கம் நீர் பின்னால போம்."

ரஜிதன் இராகத்தை விட்டுவிட்டு, கிற்றாரின் பலகையில் தாளத்தை மட்டும் தட்டினார். அது சரியாக வந்தது. பிறகு அவருக்கும் அது பிடித்துப் போயிற்று.

தேத்தண்ணி குடிக்கும்போது பாலன் ஒரு கதையை எடுத்தார். "எங்கட வட்டக்கச்சிப் பக்கத்தில வாளிப் பாட்டு எண்டு ஒண்டு படிக்கிறவை. நெடுங்கேணிப் பக்கத்தில இருந்து வந்ததெண்டு சொல்லுகினம். ஆர் கட்டினதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

மீனம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் சாய்ந்திருந்த வடிவம்மாதான், "இந்தா உங்க பக்கத்துல குந்தியிருக்காளே" என்றார்.

பாலன் கோப்பையை நிலத்தில் வைத்தார். "நான் அதைப் பழைய ஆக்கள் கட்டின பாட்டெண்டெல்லோ நினைச்சனான். நாத்து நடேக்கை நானும் சேர்ந்து படிக்கிறனான். இஞ்ச பாருங்கோ தங்கச்சி, நான் இருபது வருசத்துக்கு மேல பாட்டுக் கட்டுறன். என்ர பாட்டு ஒண்டும் என்ர வாய்க்காலைத் தாண்டேல்லை."

அவர் அதைப் பொறாமையில்லாமல், ஒரு நல்ல விளைச்சலைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். கண்ணுக்கு எட்டாத தூரத்தில், முகம் தெரியாத ஆட்கள் நாற்று நட்டுக்கொண்டே தன் வாயில் வந்த வரியைப் பாடுகிறார்கள் என்பதை மீனம்மா அதுவரை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனாலும் அந்தப் பாட்டை மேடையில் பாடமாட்டேன் என்றார். கதிரை கொடுப்பவர் ராஜரத்தினம், மேடைக்கு உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியைக் கொடுப்பவர் ராஜரத்தினம், வருத்தக்காரி அவருடைய மனைவி. "பாட்டு பொய் இல்ல. ஆனா இது அதுக்கு எடமில்ல" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு கமலாசனியே முன்பள்ளிக்கு வந்துவிட்டார். ராஜரத்தினம் அவரை இறக்கிவிட்டு, வெளியே வேப்பமர நிழலில் மோட்டார் சைக்கிளில் இருந்தார். கமலாசனியின் முகம் கறுத்து, கைகள் மெலிந்திருந்தன. பையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல். அதில் மூடியளவு ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டார்.

"மீனம்மா, வாளிப் பாட்டைப் படிக்கமாட்டீராம், மெய்யோ?"

"அக்கா, அது..."

"எனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி" என்று போத்தலைக் காட்டினார். "முத்தத்தில கிணறு, குசினிக்குள்ள பைப். எனக்குத்தான் குடிக்க ஏலாது. விடாய் எண்டால் என்னெண்டு இப்பதான் எனக்குத் தெரியும். அண்டைக்கு உங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு நான் நெடுக நினைக்கிறனான். அதைப் படியும். எனக்காகப் படியும்."

"ஐயா என்ன சொல்லுவாரோ."

"அவரிட்ட நீரே கேளும். வெளியிலதான் நிக்கிறார்."

மீனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். இத்தனை வருடங்களில் அவர்கள் இவ்வளவு கிட்ட நின்றதில்லை. ராஜரத்தினத்தின் தலை முழுவதும் நரைத்திருந்தது.

"ஐயா, அந்தப் பாட்டை மேடையில பாடச் சொல்லி அக்கா கேக்கிறா. பாடட்டோ?"

ராஜரத்தினம் முன் சில்லைப் பார்த்தார். "அண்டைக்கு என்னட்டக் கேட்டோ படிச்சனீர்?" என்றார். மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்தார். கமலாசனி வந்து ஏற, போய்விட்டார்கள்.

அது ஓமா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. வடிவம்மா ஓம் என்றார். பாலன் இல்லை என்றார். ரஜிதன், "ரெண்டும் இல்லை, அவர் இன்னும் கோவமா இருக்கிறார்" என்றார். மீனம்மா முடிவெடுக்காமலே வீட்டுக்குப் போனார்.

நிகழ்ச்சியைப் பொது விளையாட்டு மைதானத்தில், வெயில் சாய்ந்த கையோடு தொடங்கினார்கள். இருட்டினால் வீதியில் யானை நிற்கும் என்பதால், பொழுது படுவதற்குள் முடித்தாக வேண்டும். உழவு இயந்திரப் பெட்டிகள் இரண்டைச் சேர்த்து வைத்து, மேலே பாய் விரித்து, மூன்று பெரிய கதிரைகள். "நல்ல காலம், இது வளர்ந்த ஆக்களின்ர கதிரை" என்று பாலன் மைக்கில் தொடங்கினார். ஒத்திகை பார்த்தவர்கள் மட்டும் சிரித்தார்கள். ஒட்டுசுட்டான், புளியங்குளம், கனகராயன்குளத்திலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. முன்வரிசையில் வருத்தக்காரர்கள். கமலாசனியும் வடிவம்மாவும் பக்கத்தில் பக்கத்தில். கமலாசனிக்கு அடுத்த கதிரையில் ராஜரத்தினம், வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக.

பாலன் தண்ணீர்ப் பாட்டைப் பாடினார். ரஜிதன் ரயில் பாட்டைப் பாடியபோது, பின்னால் நின்ற தாய்மார் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மீனம்மாவின் யானைப் பாட்டுக்குப் பிள்ளைகள் மேடைக்குக் கிட்ட ஓடி வந்துவிட்டார்கள். உட்கார்ந்தபடியே சற்று முன்னால் குனிந்துகொண்டால் அவருக்குப் பாட்டு வந்தது. ஒருவர் பாட மற்ற இருவரும் கடைசி வரியைச் சேர்ந்து எடுத்தார்கள். பாலனின் பெரிய குரலும் ரஜிதனின் மெல்லிய குரலும் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் பாடுவது மீனம்மாவுக்குத் தன் வரிசைப் பெண்களோடு நிற்பதுபோலவே இருந்தது.

இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவது முறை மீனம்மாவின் பக்கம் மைக் வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "வாளி" என்றது. இன்னொரு குரல் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மைதானமே கேட்டது. மீனம்மா கமலாசனியைப் பார்த்தார். கமலாசனி தலையை ஆட்டினார். அப்போது ராஜரத்தினம் கதிரையை விட்டு எழும்பினார்.

சனம் அடங்கிவிட்டது. அவர் போகப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மீனம்மாவும் அப்படித்தான் நினைத்தார். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடையின் ஓரத்துக்கு நடந்து வந்து, ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட வையும். அவவின்ர குரல் பின்னுக்குக் கேக்கேல்லை."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் இருந்துவிட்டார்.

மீனம்மா பாடினார். கிணறு நெறையத் தண்ணி இருக்கு என்று அவர் எடுத்ததும் மைதானம் முழுவதும் சேர்ந்துகொண்டது. ஒன்பது சாவி என்ற இடத்தில் எழுந்த சிரிப்புக்கு ராஜரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா இல்லையா என்பது கமலாசனிக்கு மட்டும் தெரியும். பாட்டு முடிந்தது என்று ரஜிதன் கிற்றாரில் கையை வைத்து நிறுத்தப் போனார். மீனம்மா நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து, கமலாசனியின் கையிலிருந்த போத்தலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

கிணத்துக்காரி நானிருக்கேன்
கெடைச்சதெல்லாம் ஒரு போத்தல்
அளந்தளந்து நனைக்கிறேன்டி – இப்ப
ஆரெனக்குப் பிணையெடுப்பா?

யாரும் சிரிக்கவில்லை. காற்று ஒலிபெருக்கியில் உரசுவது கேட்டது. ரஜிதன் மறுபடியும் பலகையில் தாளத்தைத் தட்டத் தொடங்கினார். மீனம்மா நிமிர்ந்தார். நிமிர்ந்தே பாடினார்.

வானு ஒண்ணு வருகுதடி
வாசலிலே நிக்குதடி
ஏறிக்கோங்க எல்லாருமே – பிணை
எடுக்க ஊரே வருகுதடி

கடைசி வரியைப் பாலன் பிடித்துக்கொண்டார். பிறகு சனம் பிடித்துக்கொண்டது. எத்தனை முறை திரும்பத் திரும்பப் பாடினார்கள் என்று தெரியாது. வடிவம்மா கமலாசனியின் தோளில் சாய்ந்து அழுதார். கமலாசனி அழவில்லை, கையைத் தட்டிக்கொண்டிருந்தார். உண்டியலோடு சனத்துக்குள் போன நிரோஜா, அதைத் தூக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

பொழுது சாய, கதிரைகளை அடுக்கும்போது ராஜரத்தினம் மீனம்மாவிடம் வந்தார்.

"சாவி ஒண்டுதான் இருந்தது" என்றார். "ஒம்பது எண்டது பொய்."

"ஒண்ணுன்னா பாட்டு நொண்டுங்க ஐயா."

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு, "ஆவணி பிறக்கக் கச்சான் பிடுங்கோணும். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

"கூலி கூடியிருக்குங்க."

"தெரியும்."

வான் வந்துசேர இன்னும் சில மாதங்கள் எடுத்தன. ஊரில் சேர்ந்ததோடு, ரஜிதன் போனில் எடுத்து இணையத்தில் போட்ட பாட்டைக் கேட்ட, வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரரும் சேர்த்தார்கள். இப்போது அது கிழமையில் நான்கு நாள் ஓடுகிறது. வடிவம்மா தோட்டத்துக்கு வருவதில்லை. ஆனால் போகிற வழியில் வானை நிறுத்தச் சொல்லி, புதிதாக என்ன பாட்டு என்று யன்னலால் கேட்பார். பிடித்தால் சிரிப்பார், பிடிக்காவிட்டால் டிரைவரைப் போகச் சொல்வார்.

அந்த மூன்று பேரும் இப்போது கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போகிறார்கள். முல்லைத்தீவில் வள்ளம் இழந்த குடும்பம் ஒன்றுக்காகப் பாடினார்கள். போன மாதம் வட்டக்கச்சியில் ஒரு பள்ளிக்கூட வாசிகசாலைக்காகப் பாடக் கேட்டிருந்தார்கள். மீனம்மா காலை பஸ்ஸில் மாங்குளத்துக்கு வந்து, ரஜிதன் கடையைப் பூட்டும்வரை சந்தியில் காத்திருந்தார். கிளிநொச்சி பஸ் வந்தது. ரஜிதன் கிற்றாரை மேலே வைத்துவிட்டு, அவருக்கு யன்னலோர இருக்கையைக் காட்டினார்.

"அக்கா, இண்டைக்கு என்ன படிக்கப்போறியள்? பாலன் அண்ணை கேக்கச் சொன்னவர்."

"அதை இப்ப எப்படிச் சொல்றது?" என்றார் மீனம்மா. "போய் அந்தச் சனத்தைப் பாக்கணுமே."

பஸ் புறப்பட்டது. அவர் முன் இருக்கைக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் குனிந்துகொண்டார். நித்திரையாக்கும் என்று ரஜிதன் நினைத்தார். சற்று நேரத்தில் அவருடைய விரல்கள் கம்பியில் தாளம் போடுவது கேட்டது.